துலுக்கச் சாமந்தி: வீட்டுத் தோட்டத்தில் விதை வழி வளர்ப்பு

துலுக்கச் சாமந்தி அல்லது செண்டுமல்லி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. தாவரவியல் பெயர் டாஜெட்டஸ் எரெக்டா, தாயகம் மெக்சிகோ. இதே குடும்பத்தின் எக்கினேசியா என்னும் வட அமெரிக்கக் கூம்புப்பூவையும் சிலர் விதை வாங்கி முயல்வதுண்டு. அதன் பல வகைகள் ஈரக் குளிரில் சில வாரம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். நம் சமவெளியில் அந்தக் குளிரைப் பிரிட்ஜ்தான் தர வேண்டும். துலுக்கச் சாமந்திக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை.

கடலூர் மாவட்டத்தில், 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை ஒட்டியுள்ள வடக்குத்துப் பகுதிக்குப் பொருத்தமான பூ இது. பட்டறையும் லாரியும் நிறைந்த ஊர்ப்பக்கத்தில் ஆயுத பூஜைக்கு மாலை வேண்டாத வீடு குறைவு. இங்குள்ள செம்மண் தண்ணீரை விரைவில் வடித்துவிடும்; சத்துதான் போதாது. மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்துகொள்ள வேண்டும்.

வளர்ப்பில் முக்கியமானது நாள் கணக்கு. விதைத்ததிலிருந்து பூக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே ஆயுத பூஜைப் பூவுக்கு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் ஏற்றது. பொங்கலுக்கு வேண்டுமானால் அக்டோபரில் விதைக்க வேண்டும். அப்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். திறந்த பாத்தியில் விட்ட நாற்று தண்டின் அடியில் நீர் கோத்து, கறுத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும். தாழ்வாரத்தில் தட்டில் வளர்த்து, மழை விட்ட இடைவெளியில் மேட்டுப்பாத்தியில் நடுவதே பத்திரம்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். 25 முதல் 30 நாள் நாற்றை ஒன்றரை அடி இடைவெளியில், நல்ல வெயில் படும் இடத்தில், மாலை நேரத்தில் நடலாம். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பெருகும். முதல் பூ சில நாள் தள்ளிப்போகும், மொத்தப் பூ கூடும். கோடையில் இலை வெளுத்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; மெல்லிய நூலாம்படையும் ஊரும் செம்புள்ளிகளும் இருந்தால் அது செஞ்சிலந்தி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். இச்செடியின் வேரிலிருந்து வெளிப்படும் பொருள் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்துவதால் கத்தரி, தக்காளிப் பாத்தியிலும் நடுவார்கள்.

விதை எடுக்க, செடியிலேயே காய்ந்து அடிக்கிண்ணம் பழுப்பேறிய பூவைப் பறிக்க வேண்டும். இதழைப் பிடித்து இழுத்தால் ஊசி போன்ற கறுப்பு விதை, வைக்கோல் நிறக் குஞ்சத்தோடு வரும். கறுக்காமல் வெளுத்துத் தட்டையாக இருப்பவை பதர். கடையில் வாங்கிய கலப்பின விதையின் பூவில் எடுத்த விதை, தாய்ச்செடியைப் போலவே அடுக்கடுக்காகப் பூக்கும் என்று நம்ப முடியாது. ஆண்டுதோறும் சொந்த விதை சேமிக்க நினைப்பவர்கள் நாட்டு வகையையே நடுவது நல்லது.