ராயபுரத்துக் கானாவும் ஒரு பெண் குரலும்

தென்னிந்தியாவின் முதல் ரயில்வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த ரயிலையும், பின்னர் எழுந்த துறைமுகத்தையும், காசிமேட்டு மீன்பிடித் தொழிலையும் நம்பி வந்து குடியேறிய ஜனங்கள், பகலெல்லாம் மூட்டை சுமந்தும் வலை இழுத்தும் களைத்தபின், இராக்காலத்தில் சந்து முனைகளில் கூடிப் பாடி வளர்த்த சங்கீதமே கானா.

சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் மரண கானாதான் அதன் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணாதிசயங்களையும் அந்த க்ஷணத்திலேயே இட்டுக்கட்டி, டோலக்கோ, அது இல்லாவிட்டால் வெறும் தீப்பெட்டியோ எதுவாயினும் அதிலே தாளம் போட்டுப் பாடுகிறவருக்கு, அப்பாட்டை ஏட்டில் எழுதவோ இசைத்தட்டில் பதியவோ யாதொரு அவசியமும் இருக்கவில்லை. எனவே கானா ஒலிப்பதிவுக்குள் வந்தது தாமதமாகத்தான். 1990-களில் கேசட்டுகளும் தேவாவின் சினிமா இசையும் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றன. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தின் மூலம் கானா உலகநாதனும், 2012-இல் ‘அட்டகத்தி’ மூலம் கானா பாலாவும் கீர்த்தி பெற்றனர். இவர்கள் யாவரும் ஆண்கள்.

ஆண்களே நிறைந்திருந்த அந்தச் சபைக்குள் பிரவேசித்தவர் ராயபுரத்து இசைவாணி. இசைக் கலைஞரான தந்தையோடு சிறு வயதிலேயே மேடையேறி, சினிமாப் பாடல்களைப் பாடிப் பழகிய அவர், இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால், தென்மாவின் இசைப்பொறுப்பில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் சேர்ந்து, 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் நடந்த அதன் முதல் கச்சேரியில் பாடினார். பத்தொன்பது பேர் கொண்ட அக்குழுவில் பெண் அவர் ஒருவரே. அதே ஆண்டு சபரிமலைத் தீர்ப்பையொட்டி எழுந்த ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ என்ற பாடல் அவர் குரலில் பிரசித்தமாயிற்று. ஆறு வருஷங்கள் கழித்து, 2024-இல், பலத்த கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்மணிகள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

பட்டியல்களை நான் பெரிதாகப் பாராட்டுகிறவனல்லன். ஆயினும், கேட்போர் கூச்சலிட, அதற்குப் பதிலாகவே அடுத்த அடியைப் பிறப்பிக்கும் கலையை நான்கைந்து நிமிஷ ஒலிப்பதிவுக்குள் அடக்கும்போது பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது என்பதையும், அப்படி நின்றதில் பெண்களின் பாட்டும் எவ்வளவோ இருந்திருக்கும் என்பதையும் இசைவாணியைக் கேட்டபிறகே உணர்ந்தேன்.

வடசென்னை வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டுப் பரணில் பழைய கானா கேசட்டுகள் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பாடியவர் பெயரையும் ஊரையும் உறையின்மேல் எழுதி வையுங்கள்.