கரடுமுரடு நில ஃபோர்க்லிஃப்ட்

சமன் செய்யாத தரையில் பாரம் தூக்கும் வண்டி. கிடங்கு ஃபோர்க்லிஃப்டின் சிறிய கெட்டி டயர் சிமென்ட் தளத்துக்கே பொருந்தும். இதற்கோ டிராக்டர் போன்ற பெரிய காற்று டயரும், தரைக்கு மேல் அதிக இடைவெளியும் உண்டு.

1958இல் பிரான்சின் மானிட்டோ நிறுவனம் டிராக்டரின் பின்பக்கம் தூக்குக் கம்பத்தைப் பொருத்தி, ஓட்டுநர் இருக்கையைத் திருப்பி வைத்து இவ்வகை வண்டியை உருவாக்கியது. 1977இல் பிரிட்டனின் ஜேசிபி 'லோடால்' வண்டியைக் கொண்டுவந்தது. கம்பத்துக்குப் பதிலாக, முன்னே நீளும் கை. சரக்கை மேலே மட்டுமல்ல, பள்ளத்தைத் தாண்டியும் வைக்கலாம். பாரம் தாங்கும் முள்ளைக் கழற்றிவிட்டு வாளியோ கொக்கியோ மாட்டலாம். 'டெலிஹேண்ட்லர்' எனப்படும் இவ்வகை, கம்பம் வைத்த பழைய வண்டியின் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. 2020இல் ஜேசிபி மின்சார டெலிஹேண்ட்லரை அறிமுகப்படுத்தியது.

இந்தியாவில் வரலாறு வேறு. மலிவாகக் கிடைத்த சுமைக்கூலி உழைப்பு, எங்கும் கிடைக்கும் ஜேசிபி தோண்டு இயந்திரம், 'ஹைட்ரா' கிரேன் ஆகியவையே அந்த வேலையைச் செய்தன. 2017இல் டெரெக்ஸ் நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனம் ஒன்றை மானிட்டோ வாங்கியது. 2020இல் ஜேசிபி மின்சார டெலிஹேண்ட்லரை அறிமுகப்படுத்தியது.

இவ்வண்டி எங்கே பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக் சிமென்ட் ஆலை இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். மழை பெய்தால் இப்பகுதிக் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். சிறு சக்கர வண்டி புதைந்து நின்றுவிடும். ஒரு டன் சிமென்ட் என்பது 50 கிலோ மூட்டைகள் 20. அத்தனையையும் ஒரே பலகையில் அடுக்கித் தூக்கினால், 20 முறை முதுகு வளைவது மிச்சம்.