ஸ்தாரோ கிராட்ஸ்கோ படுகொலை

கொசோவோவின் நடுப்பகுதியில், தலைநகர் பிரிஷ்டினாவுக்குத் தெற்கே, லிப்லியான் வட்டாரத்தில் இருக்கும் சிற்றூர் ஸ்தாரோ கிராட்ஸ்கோ. 1999 ஜூலை 23 அன்று மாலை, இவ்வூர்ச் செர்பிய உழவர்கள் 14 பேர் வயலில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது போர் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவர்களைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

கொசோவோவில் பெரும்பான்மையினர் அல்பேனியர்கள். 1989இல் செர்பியாவின் மிலோசெவிச் அரசு அம்மாகாணத்தின் தன்னாட்சியைப் பறித்தது. 1998இல் கொசோவோ விடுதலைப் படைக்கும் செர்பியப் படைகளுக்கும் இடையே போர் மூண்டது. அல்பேனிய ஊர்கள் எரிக்கப்பட்டன. 1999 மார்ச் 24 முதல் நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. அந்த நாட்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். போரில் மாண்ட பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் அல்பேனியர்களே. இதைச் சொல்லாமல் ஸ்தாரோ கிராட்ஸ்கோவை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வயலில் கோதுமை அறுத்தவர்களின் சாவுக்கு இதை நியாயமாகக் காட்டுவதும் நேர்மையாகாது.

ஜூன் 12 அன்று கேஃபோர் என்னும் பன்னாட்டுப் படை உள்ளே வந்தது; செர்பியப் படைகள் வெளியேறின. துரத்தப்பட்டவர்கள் சில வாரங்களிலேயே திரும்பினார்கள். அதே சாலைகளில் எதிர்த்திசையில் செர்பியர்களும் ரோமா மக்களும் தப்பி ஓடினார்கள். ஆள்கடத்தல், வீடெரிப்பு, பழிவாங்கும் கொலை ஆகியவை அன்றாடம் நடந்தன. ஸ்தாரோ கிராட்ஸ்கோ மக்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் விளைந்து முற்றிய கதிர் நாள் பார்த்துக் காத்திருக்காது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடலாம். வயலை அப்படிச் சாத்தி வைக்க முடியாது. அறுவடைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேஃபோரிடம் கேட்டிருந்ததாக ஊரார் பின்னர் கூறினர். அன்று மாலை வயலோரம் காவல் இல்லை.

இரவு நெருங்கும் நேரத்தில் கேஃபோரின் பிரிட்டன் படையினரின் காதில் துப்பாக்கிச் சத்தம் விழுந்தது. அவர்கள் போய்ப் பார்த்தபோது அறுவடை இயந்திரத்தின் அருகே பதின்மூன்று உடல்கள் ஏறக்குறைய வட்டமாகக் கிடந்தன. பதினான்காமவரின் உடல் சுமார் 150 மீட்டர் தள்ளி, டிராக்டரோடு இருந்தது. இறந்தவர்களில் பதின்ம வயதுப் பையனும் இருந்தான், முதியவர்களும் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோரை இழந்த வீடுகளும் உண்டு. கேஃபோர் வந்தபின் செர்பியர்கள் மீது நடந்த தாக்குதல்களில் அதுவரை இதுவே மிகக் கொடியது.

ஜூலை 28 அன்று ஊரிலேயே அடக்கம் நடந்தது. செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் பாவ்லே இறுதிச் சடங்கை நடத்தினார். கொசோவோவின் ஐ.நா. நிர்வாகத் தலைவர் பெர்னார் குஷ்னேரும் வந்திருந்தார். கொசோவோ விடுதலைப் படையின் அரசியல் தலைவர் ஹஷிம் தாச்சி கொலையைக் கண்டித்தார். தங்கள் படைக்கு இதில் தொடர்பில்லை என்றது அத்தரப்பு. ஆயுதங்களை ஒப்படைப்பதாக அப்படை ஜூன் 21 அன்று கையெழுத்திட்டுத் தந்திருந்தது. அதற்கான 90 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கொலைகள் நடந்தன.

விசாரணை தொடக்கத்திலேயே தடுமாறியது. 1999 கோடையில் கொசோவோவில் காவல்துறை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. பழைய காவலர்கள் போய்விட்டார்கள், ஐ.நா. காவலர்கள் சிறுகச் சிறுகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். போருக்குப் பயிற்றப்பட்ட சிப்பாய்களே குற்றவிடத்தையும் காக்க வேண்டியிருந்தது. ஹேக் நகரின் பன்னாட்டுத் தீர்ப்பாயம் புலனாய்வாளர்களை அனுப்பியது. ஆனால் போர்க்குற்றம் என்று வழக்கு நடத்த, ஆயுத மோதல் நிலவியதை மெய்ப்பிக்க வேண்டும்; போர் முடிந்தபின் நடந்த கொலைகளுக்கு அதுவே இடர்ப்பாடானது. பேசினால் என்ன ஆகும் என்ற அச்சம் சாட்சிகளின் வாயைக் கட்டியது. கொசோவோ வழக்குகள் பலவற்றைக் கரையான்போல் அரித்தது இந்த அச்சம்தான்.

2007இல் சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைதாகிப் பின்னர் சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டார். 2008 இறுதியில் கோப்புகள் ஐ.நா.விடமிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் யூலெக்ஸ் அமைப்புக்குக் கைமாறின, வழக்கு நகரவில்லை.

தண்டனையின்றிப் போன வழக்கு இது மட்டுமல்ல. 2001 பிப்ரவரியில் போதுயெவோ அருகே செர்பியர்கள் சென்ற பேருந்து குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்காக ஒருவருக்கு 2008இல் 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மறு ஆண்டே மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். 2003 ஆகஸ்டில் கொராஜ்தேவாட்ஸ் ஊரின் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த சிறுவர்களும் இளைஞர்களும் சுடப்பட்டு இருவர் மாண்டனர். அந்த வழக்கும் துலங்கவில்லை.

ஸ்தாரோ கிராட்ஸ்கோவில் ஆண்டுதோறும் ஜூலையில், கோதுமை அறுவடைக் காலத்தில், உறவினர்கள் கூடி நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். கொன்றவர் யார் என்ற அதே கேள்வியைத்தான் ஒவ்வோர் ஆண்டும் அங்கே கேட்கிறார்கள்.