எட்டங்குல வட்டில் அறத்துப்பால்

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் பதப்படுத்திய தோலைச் சதுர அடியில் அளந்து விற்பார்கள். பரப்பு கூடினால் விலையும் கூடும். கணினி வட்டுகளின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. 1971-இல் ஐபிஎம் வெளியிட்ட எட்டங்குல நெகிழ்வட்டின் கொள்ளளவு சுமார் 80 கிலோபைட்டு. ஐந்தேகால் அங்குலமாகச் சுருங்கிய வட்டு 1983-இல் 360 கிலோபைட்டையும், மறு ஆண்டில் 1.2 மெகாபைட்டையும் ஏற்றது. 1987 முதல் பரவிய மூன்றரை அங்குல வட்டில் 1.44 மெகாபைட்டு சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. (இந்த 1.44 ஒரு கலப்படக் கணக்கு. ஆயிரத்தாலும் 1024-ஆலும் மாற்றிப் பெருக்கிய எண் அது. உண்மையில் 14,74,560 பைட்டுகள்.)

இவ்வெண்களைக் குறளால் அளந்து பார்க்கலாம். 1330 குறளுக்கு 9310 சீர்கள். இன்றைய ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில், இடைவெளியும் சேர்த்துச் சீருக்குத் தாராளமாக 30 பைட்டு என்று கொண்டால் 2,79,300 பைட்டுகள் வேண்டும். மூன்றரை அங்குல வட்டில் திருக்குறள் ஐந்து முறை அடங்கும். எட்டங்குல வட்டில் 380 குறள் கொண்ட அறத்துப்பால் மட்டுமே விளிம்பு தட்டி அடங்கும். பொருளும் இன்பமும் வேறு வட்டு தேட வேண்டியதுதான்!

இங்கேதான் தமிழுக்குரிய சிக்கல் எழுகிறது. 'தமிழ்' என்னும் சொல் திஸ்கி குறியேற்றத்தில் 4 பைட்டு. யூடிஎஃப்-8-இல் 15 பைட்டு. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ் 16 முறையில் எழுத்துக்கு இரண்டாக 6 பைட்டு. ஒரே நெகிழ்வட்டு அச்சொல்லைத் திஸ்கியில் 3,68,640 முறை தாங்கும். ஒருங்குறியில் 98,304 முறைதான். தொலைபேசி இணைப்பில் இணையம் ஊர்ந்த நாள்களில் 'ஒருங்குறி இடத்தைத் தின்கிறது' என்ற முறையீடு எழுந்ததில் நியாயம் உண்டு. ஆயினும் அது வட்டின் குறையை எழுத்தின் குறையாகக் கண்ட வாதம் என்றே கருதுகிறேன். 650 மெகாபைட்டுக் குறுந்தகடும், 2000-இல் வெறும் 8 மெகாபைட்டுடன் விற்பனைக்கு வந்து சில ஆண்டுகளில் பன்மடங்கு வளர்ந்த விரலியும் அதைப் பொருளற்றதாக்கின.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் தந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தது. அவை பிழைத்தன. தத்தம் எழுத்துருவில் தட்டச்சிட்டு நெகிழ்வட்டில் மட்டும் வைத்த ஆய்வேடுகளுக்கும் சிற்றிதழ்க் கோப்புகளுக்கும் இரட்டைப் பூட்டு: வட்டைப் படிக்கக் கருவி வேண்டும், திறந்தபின் அந்த எழுத்துருவோ அதற்கான மாற்றியோ வேண்டும். நெகிழ்வட்டு விற்பனையைச் சோனி 2011-இலேயே நிறுத்திவிட்டது. யூஎஸ்பி வழி இணையும் படிப்பான்கள் இன்னும் கிடைக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்ந்த வட்டை அவற்றாலும் படிக்க இயலாது.