பாகுபலியில் எல்லோருக்கும் டப்பிங், காலகேயருக்கு மட்டும் தனி மொழி: ஏன்?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பாகுபலியை இரண்டு மொழியில் பார்த்தவர்கள். வீட்டில் தமிழ், நண்பர்களோடு இந்தி. தமிழில் 'மகிழ்மதி', இந்தியில் 'மாஹிஷ்மதி'. ஆனால் காலகேயர் தலைவன் வாயைத் திறந்தால் இரண்டிலும் ஒரே பேச்சுதான். அது ஏன்?

படத்தில் வரும் நாடுகள் முழுக்கக் கற்பனையா?

கதை கற்பனை, பெயர்கள் பழையவை. மாஹிஷ்மதி என்பது புராணங்களில் கார்த்தவீரியார்ச்சுனனின் தலைநகர். நர்மதைக் கரையில் இருக்கும் இன்றைய மகேஷ்வர்தான் (மத்தியப் பிரதேசம்) அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் (2017) தேவசேனாவின் ஊரான குந்தள தேசமும் வரலாற்றில் உள்ள பெயரே. வட கர்நாடகமும் தென் மகாராஷ்டிரமும் சேர்ந்த நிலப்பகுதியை அப்படி அழைத்தார்கள்.

காலகேயர்கள் யார்?

மகாபாரதத்தில் வரும் அசுரர்கள். காலகா என்ற தாயின் பிள்ளைகள் என்பதால் அந்தப் பெயர். பகலில் கடலுக்குள் ஒளிந்து, இரவில் வெளியே வந்து முனிவர்களைக் கொல்வார்களாம். அகத்தியர் கடலையே குடித்து அவர்களை வெளிப்படுத்தினார் என்பது கதை. தமிழுக்கு இலக்கணம் தந்தவராக நாம் சொல்லும் அதே அகத்தியர்!

2015-ல் வந்த முதல் பாகத்தில் இவர்கள் மகிழ்மதி மீது படையெடுக்கும் கூட்டம். உடம்பெல்லாம் கறுப்பு, அழுக்கு, சடைமுடி. தலைவன் பெயர் இன்கோஷி. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் 'இன்கோசி' என்றால் தலைவன் அல்லது அரசன்.

அவர்கள் பேசும் மொழி எது?

கிளிக்கி. தமிழ்ப் பதிப்பின் வசனகர்த்தா மதன் கார்க்கி உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாக அவர் அமைத்த சின்ன மொழிதான் இதன் விதை. படத்துக்காக அதைச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக வளர்த்தார். 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. எதிர்ச்சொல் வேண்டுமா? சொல்லைத் தலைகீழாக்கினால் போதும். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிளிக்கியைக் கற்பதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

இதில் என்ன சிக்கல்?

உழைப்பைப் பார்த்தால் கிளிக்கி பெரிய சாதனைதான். ஆனால் படத்துக்குள் அது செய்யும் வேலையைக் கவனியுங்கள். மகிழ்மதி மக்கள் தெலுங்கருக்குத் தெலுங்கிலும், தமிழருக்குத் தமிழிலும், இந்திக்காரருக்கு இந்தியிலும் பேசுகிறார்கள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் அவர்கள் 'நம்ம ஆளுங்க'. காலகேயர் மட்டும் எல்லாப் பதிப்பிலும் அந்நியர். இலக்கணம் உள்ள ஒரு மொழி, பார்ப்பவர் காதில் வெறும் கூச்சலாகவே விழுகிறது. கறுப்பு நிறமும் புரியாத பேச்சும் சேர்ந்தால் காட்டுமிராண்டி என்று விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. அவர்களுக்கும் வீடு, வாசல், தாலாட்டு இருக்குமா என்று நாம் யோசிப்பதே இல்லை.

மும்பைத் தமிழருக்கு இதில் என்ன?

இந்த ஊரில் அந்த இடத்தில் நாமே நின்றிருக்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பலர். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என எந்த மொழி பேசினாலும் 'மதராசி' என்ற ஒரே பெயர். லுங்கி கேலிப்பொருள் ஆனது.

அதற்குத் திரையில் வந்த பதில்களில் ஒன்று, பா.ரஞ்சித்தின் 'காலா' (2018). அங்கே கறுப்பு உடுத்தியவன்தான் நாயகன், வெள்ளை உடுத்தியவன் வில்லன். முக்கியமாக, காலாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. நெல்லைத் தமிழில் அதட்டும் மனைவி இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை பாகுபலி டிவியில் ஓடும்போது, போர்க் காட்சியில் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்தக் காலகேயர்கள் எந்த ஊர்க்காரங்க?" படம் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்லக்கூடும்.