இந்தியப் பெண்கள் தேசிய பனி வளைதடியாட்ட அணி

இந்தியப் பெண்கள் தேசிய பனி வளைதடியாட்ட அணி என்பது பன்னாட்டுப் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் விளையாடும் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஆகும். இது இந்தியப் பனி வளைதடியாட்டச் சங்கத்தின் கீழ் இயங்குகிறது. இந்தியா 1989 இல் பன்னாட்டுப் பனி வளைதடியாட்டக் கூட்டமைப்பில் இணைந்தது. ஆண்கள் அணி 2009 இலும் பெண்கள் அணி 2016 இலும் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடின. பெண்கள் அணியின் வீராங்கனைகளில் பெரும்பாலோர் லடாக் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

ஆட்டமுறை

இவ்விளையாட்டு பனித்தளத்தின் மீது சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுகிறது. பந்துக்கு மாற்றாகப் பக் எனப்படும் கடினமான ரப்பர் வட்டு பயன்படுகிறது. இலக்குக் காவலர் உட்பட அணிக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும்.

லடாக்கும் இயற்கைப் பனித்தளமும்

இந்தியாவில் மலை வாழிடங்கள் பல இருந்தும் இவ்விளையாட்டு லடாக்கில் வேரூன்றியதற்குத் தட்பவெப்பமே முதன்மைக் காரணம். எடுத்துக்காட்டாக, பழனி மலையிலுள்ள கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கு இரவில் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது உருகிவிடும். ஆனால் 1863 இல் அமைக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி உறைவதில்லை. நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி அடைந்து கீழே இறங்குவதால், ஏரி நீர் முழுவதும் அந்த அளவுக்குக் குளிர்ந்த பின்னரே மேற்பரப்பு உறையத் தொடங்கும். இதற்குக் கடுங்குளிர் தொடர்ந்து நீடிக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கில் மட்டுமே உள்ள கொடைக்கானலில் இது நிகழ்வதில்லை.

லே நகரம் 34 பாகை வடக்கில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் குளங்கள் உறைந்து கிடக்கும். லேயிலுள்ள கர்சூ குளம் இவ்வாறு விளையாட்டுத் தளமாகப் பயன்பட்டு வந்தது. பே சிற்றூரிலுள்ள செக்மோல் கல்வி வளாகத்திலும் மாணவ மாணவியர் பனித்தளம் அமைத்து ஆடி வந்தனர்.

பன்னாட்டுப் போட்டிகள்

அணி 2016 மார்ச்சில் தாய்பெய் நகரில் நடைபெற்ற ஆசிய சவால் கோப்பையில் அறிமுகமானது. ரிஞ்சென் தோல்மா அணித்தலைவராகவும் நூர் சகான் இலக்குக் காவலராகவும் ஆடினர். முதல் ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 1-8 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பீன்சை 4-3 என வென்று தனது முதல் பன்னாட்டு வெற்றியைப் பெற்றது.

2025 மே 31 முதல் சூன் 6 வரை ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலப் பதக்கம் வென்றது. இது அணியின் முதல் பன்னாட்டுப் பதக்கமாகும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியைக் கூட்டமைப்பு 2008 முதல் நடத்தி வருகிறது. 2025 வரை இந்தியா அதில் பங்கேற்கவில்லை.

பயிற்சியும் ஆதரவும்

இயற்கைப் பனி பிப்ரவரி இறுதியில் இளகத் தொடங்கும். பன்னாட்டுப் போட்டிகளோ மார்ச்சிலும் அதற்குப் பின்னரும் நடைபெற்றன. இதனால் பனியில் போதிய பயிற்சியின்றி ஆட வேண்டிய நிலை ஏற்பட்டது. தொடக்கத்தில் வீராங்கனைகள் பலர் ஆண் ஆட்டக்காரர்கள் பயன்படுத்திய கருவிகளைக் கொண்டு பழகினர். பயணச் செலவுக்குப் பொதுமக்களிடமும் நிதி திரட்டப்பட்டது.

நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் வென்ற கனடிய வீராங்கனை ஏலி விக்கன்ஐசர் 2018 சனவரியில் லடாக் சென்று பயிற்சியளித்தார். அதே ஆண்டு வீராங்கனைகள் கனடாவின் கால்கரி நகரில் அவர் நடத்தும் விழாவில் பங்கேற்றனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் 2024 இல் லேயில் தொடங்கிய கூட்டிணைவுப் போட்டியில் பெண்கள் பிரிவும் இடம்பெற்றது. அதே ஆண்டு லேயில் நடந்த கேலோ இந்தியா பனிக்கால விளையாட்டுகளில் இந்தோ-திபெத் எல்லைக் காவல்படையின் பெண்கள் அணி தங்கம் வென்றது. இத்தகைய படை அணிகளால் வீராங்கனைகளுக்கு விளையாட்டுடன் வேலைவாய்ப்பும் கிடைக்கிறது.

தேராதூனில் 2011 தெற்காசிய பனிக்கால விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட இமாத்ரி உள்ளரங்கப் பனித்தளம் நெடுங்காலம் பயன்பாடின்றி இருந்து 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது. செயற்கைப் பனித்தளங்கள் தொடர்ந்து இயங்கினால் குளிர்காலம் முடிந்த பின்னரும் பயிற்சி பெற இயலும். லடாக்கிற்கு வெளியே உள்ள பெண்களும் இவ்விளையாட்டில் சேர வாய்ப்பு உருவாகும்.