ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங்

கோயம்புத்தூர் போனவங்க அவினாசி ரோட்டுல 'ஹோப் காலேஜ்' ஸ்டாப்பிங்கைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேர்ல அங்க காலேஜே கிடையாது. ஏன்னு தேடப் போய்த்தான் ஜி.டி.நாயுடு கதையில மாட்டிக்கிட்டேன்.

எங்க திண்டுக்கல் சீமைக்கும் அவருக்கும் ஒரு ஒட்டு உண்டு. 1920-ல் அவர் வாங்கிய பஸ் ஓடினது பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. டிரைவரும் அவரே! அதுக்கு முன்னாடி, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கணும்னே ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத மனுஷன். அந்த ஒத்தை பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியா வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்மோட்டாரும் தயாரித்தார்.

1945-ல் அவர் முயற்சியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேரை வச்சாங்க. முதல்வர் நாயுடுதான். அங்கதான் வந்தது வில்லங்கம். நாலு வருஷப் படிப்பு பசங்க நேரத்தை வீணடிக்குது, ரெண்டு வருஷம் தாராளம்னார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கலை. மனுஷன் ராஜினாமா பண்ணிட்டார். காலேஜ் பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய், இன்னிக்கு ஜி.சி.டி. ஸ்டாப்பிங் மட்டும் பழைய பேரோட நிக்குது.

ரெண்டு வருஷம் போதுமான்னா, எனக்குச் சந்தேகம்தான். தெர்மோடைனமிக்ஸ் எனக்கு நாலு வருஷத்துலயே ஏறலை :-) ஆனா மீதி ரெண்டு வருஷத்தை நாங்க என்ன செஞ்சோம்?

நான் மெக்கானிக்கல் படிச்சது திண்டுக்கல் பக்கம். காலேஜ்ல தொழில்முனைவோர் மன்றம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒரு சால்வை, ஒரு மிக்சர் பொட்டலம். பக்கத்துல நாகல்நகர்ல பூட்டுப் பட்டறைகள். கையாலயே ராவி, லீவர் பொருத்தி, ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச்சாவி போடுற தொழில். 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா அலிகார்ல இருந்து வர்ற மெஷின் பூட்டோட விலைக்கு ஈடுகொடுக்க முடியலை. ஒரு நாள்கூட எங்களை அங்க கூட்டிட்டுப் போகலை.

எங்க கிளாஸ்ல ஒரு பூட்டுக்காரர் மகன் இருந்தான். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அப்பா பட்டறைக்கு லீவர் வெட்ட ஒரு சின்ன பிரஸ் செய்யலாம்னான். "இன்டர்வியூல எடுபடாதுப்பா, வேற டாபிக் பாருங்க"ன்னாங்க. டீம்ல முதல்ல தலையாட்டினது நான்தான். கம்ப்யூட்டர்ல கலர் கலரா ஸ்ட்ரெஸ் படம் போட்டு மார்க் வாங்கினோம்.

ரெண்டு பேரும் இப்ப பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருக்கோம். அவங்க அப்பா போன வருஷம் பட்டறையை மூடிட்டார்.